மச்சானின் ‘கருத்து’க்கு என்ன பதில் சொல்வது?

வணக்கம். குடும்பக் குழுவில் உங்கள் மச்சான், ‘பிராய்லர் கோழியை ஹார்மோன் ஊசி போட்டுத்தான் வளர்க்கிறார்கள்’ என்று எழுதினார். ஆதாரம் கேட்டதும் ‘அது என் கருத்து, மதிக்கக் கற்றுக்கொள்’ என்று பேச்சை முடித்துவிட்டார். இதற்கு என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது கருத்தே இல்லை. ‘நாட்டுக்கோழிக் குழம்புக்கு ஈடு இல்லை’ என்றால் கருத்து. அதில் அவரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஊசி போடுகிறார்களா இல்லையா என்பது பண்ணைக்குப் போய்ப் பார்க்கக்கூடிய விஷயம். முன்னால் ‘என்னைப் பொறுத்தவரை’ என்று சேர்த்தாலும் அது மாறாது.

சரி, போய்ப் பார்த்தால்? ஒரே கொட்டகையில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் செரித்துப் போய்விடும். ஊசி என்றால் ஒவ்வொரு கோழியையும் பிடித்துத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். எந்தப் பண்ணைக்காரருக்கும் கட்டுப்படியாகாது. ஆறு வாரத்தில் 2 கிலோ வருவதற்குக் காரணம், வேகமாக வளரும் கோழிகளையே பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்ததும், தீவனமும்தான்.

அதற்காக அவர் பயத்தை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். கோழிகளுக்கு ஆன்டிபயாட்டிக் (கிருமிகளைக் கொல்லும் மருந்து) கொடுக்கும் பிரச்சினை நிஜம். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை இந்தியா 2019-இல் தடை செய்தது.

நானாக இருந்தால் எல்லோர் முன்னிலையிலும் கேட்க மாட்டேன். தனியாகப் போன் போட்டு, ‘மச்சான், ருசி விஷயத்துல நீங்க சொல்றது சரிதான். ஊசி போடுறத எங்க பார்த்தீங்க?’ என்று கேட்பேன்.