பார்வையில்லாதவர்களுக்கு உடை வடிவமைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? பிரெய்லி எம்பிராய்டரி போதுமா?

ஃபேஷன் டிசைன் படிப்பதாகவும், துணியின் நிறத்தைப் பிரெய்லியில், அதாவது விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தில், எம்பிராய்டரி செய்யப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறேன். நானும் அதில்தான் ஆரம்பித்தேன், அதனால் சொல்கிறேன்.

என் அத்தைக்குச் சர்க்கரை நோயால் பார்வை போனபோது வயது 60 தாண்டிவிட்டது. புடவைக்கு ரவிக்கை பொருந்தாமல் வாசல்படி தாண்டாதவர். தினமும் பீரோ முன்னால் நின்று "இது என்ன கலரும்மா?" என்று கேட்க வேண்டியிருந்ததுதான் அவரை அதிகம் வாட்டியது. நான் ரவிக்கையின் உள்பக்கம் 'நீலம்' என்று பிரெய்லியில் முடிச்சுத் தையல் போட்டுக் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "ஏதோ சொரசொரன்னு இருக்கு, என்ன போட்டு வச்சிருக்க?" என்றார்.

அத்தைக்குப் பிரெய்லி தெரியாது. நடுவயதுக்கு மேல் பார்வை இழந்த பலர் அதைக் கற்றிருக்க மாட்டார்கள். அதோடு, சர்க்கரை நோய் முற்றினால் விரல் நுனியின் உணர்ச்சியும் மங்கலாம். அத்தைக்கு அதுவும் இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. பிரெய்லி படிப்பவர்களுக்கும் நூல் சிக்கல்தான். ஒரு எழுத்துக்கு 6 புள்ளி இடம், புள்ளிக்குப் புள்ளி சுமார் 2.5 மில்லிமீட்டர். அவ்வளவு நெருக்கத்தில் நூல் முடிச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பெரிதாகப் போட்டால் ஒரு எழுத்து ஒரு விரல் நுனிக்குள் அடங்காது.

அப்புறம் பட்டனுக்கு மாறினோம். எந்த நிறத்துக்கு எந்தப் பட்டன் என்பதை முழுக்க அத்தையே முடிவு செய்தார். சதுரப் பட்டன் நீலம், பெரிய வட்டம் பச்சை, இரண்டு சின்ன வட்டம் சிவப்பு. ரவிக்கையின் உள்பக்கம், இடுப்புக்கு அருகே, உடம்பில் அழுத்தாத இடத்தில் ஒன்று. அதே பட்டன் புடவையில், இடுப்பில் செருகும் முனையின் மூலையில் ஒன்று. துவைத்துக் கலந்து கிடந்தாலும் ஜோடியை அவரே சேர்த்துவிடுவார். கண்ணாடி மணி மட்டும் வேண்டாம், உடைந்தால் குத்தும். மெல்லிய பிளாஸ்டிக் இஸ்திரிச் சூட்டில் இளகிவிடும்.

புடவையிலேயே கைக்குத் தெரியும் அடையாளங்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதை அத்தை கட்டுவதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். ஃபால்ஸ் உள்பக்கம், கீழ்க்கரையில்தான் இருக்கும். அதைத் தொட்டாலே மேல் எது கீழ் எது, உள் எது வெளி எது என்று தெரிந்துவிடும். முந்தானைக்குக் குஞ்சம் இருக்கிறது. ஜரிகைக் கரை ஒவ்வொன்றும் கைக்கு வேறு மாதிரி. புதுச் சுங்குடிப் புடவையில், சாயம் ஏற்றுவதற்காகப் போட்ட முடிச்சுகளை அவிழ்த்த இடங்கள் லேசாகப் புடைத்து நிற்கும், அதைத் தடவிக்கொண்டே அத்தை உட்கார்ந்திருப்பார். சுடிதாரில்தான் முன்பின் குழப்பம் வரும். பின்கழுத்தின் உள்ளே ஒரு சின்னப் பருத்தி நாடா வைத்தால் போதும். உறுத்தாத நாடாவாகப் பாருங்கள்.

கொஞ்சம் பார்வை உள்ளவர்களுக்கு வேறு கணக்கு: வெளிர் துணியில் அடர்நிறப் பட்டன், அடர்துணியில் வெளிர்ப் பட்டன்.

என்னிடம் தைக்க வரும் ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை, பிரெய்லி சரளமாகப் படிப்பார். அவரிடம் நிறத்தைத் துணியில் எழுதித் தரவா என்று கேட்டேன். "அது எனக்கு நினைவிருக்கும் அக்கா, ரெண்டு பக்கமும் ஆழமா பாக்கெட் வைங்க" என்றார். ஒரு கையில் எப்போதும் வெள்ளைக் கோல். போனும் பஸ் காசும் மறுகையில் இருந்தால் கம்பியை எதைக் கொண்டு பிடிப்பார்? துப்பட்டா கோலில் சிக்குகிறது என்றும் சொன்னார். தோள் தையலில் ஒரு பட்டனும், துப்பட்டாவில் அந்தப் பட்டனை மாட்ட ஒரு நூல் வளையமும் வைத்துக் கொடுத்தேன்.

உங்கள் வரைபடத்தைத் தொடங்கும் முன், உடுத்தப் போகிறவர் தன் பீரோவைத் திறந்து, துணி எடுத்து, கட்டி முடிக்கும் வரை கூட நின்று பாருங்கள். தைத்த பிறகு ஒரு பத்துத் தடவையாவது துவைத்துவிட்டு, அதே கையில் திரும்பக் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.