பெயர் அடிபடும்போதே எழுதிவிடுங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் தேயிலை. பங்காளிகளோடு பாகப்பிரிவினை வழக்கு முன்சீப் கோர்ட்டில் நடந்தபோது எங்களுக்காக எதிருரை போட்டவர், அப்பீல் ஊட்டி சார்பு நீதிமன்றத்துக்குப் போனதும் எதிர்த்தரப்புக்கு வக்காலத்து போட்டு வந்து நின்றார். இப்போது சென்னையில் தொழில் செய்யும் அவர் பெயர் உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்கு அடிபடுகிறதாம். யாரிடம் சொல்வது? சொன்னால் எடுபடுமா?

பதில்: சொல்லலாம், ஆனால் இப்போதே சொல்ல வேண்டும். நியமன ஆணை வந்தபின் வழக்குப் போட்டால், அரசியல் சட்டம் கேட்கும் தகுதி அவருக்கு இருக்கிறதா, கலந்தாலோசனை முறைப்படி நடந்ததா என்பதை மட்டுமே உச்ச நீதிமன்றம் பார்க்கும். பதவிக்குப் பொருத்தமானவரா என்பதற்குள் நுழையாது. 1992-ல் கௌஹாத்தி உயர் நீதிமன்றத்துக்குக் குடியரசுத் தலைவர் ஆணை பெற்ற ஒருவரின் நியமனம் ரத்தானது, 217-ஆவது பிரிவு கேட்கும் 10 ஆண்டு நீதித்துறைப் பதவியோ வழக்கறிஞர் அனுபவமோ அவருக்கு இல்லை என்பதால்தான். 2023-ல் சென்னை உயர் நீதிமன்ற நியமனம் ஒன்றை எதிர்த்த மனு, பொருத்தம் பற்றிய கேள்வி கொலீஜியத்தின் (நீதிபதிகளைத் தேர்ந்து பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழு) வேலை என்று தள்ளுபடியானது. ஆக, நேர்மை பற்றிய பேச்சுக்கு இடம் கொலீஜியம் முடிவெடுக்கும் வரைதான்.

பெயரை முதலில் எழுப்புபவர் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி. அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளோடு கலந்து அவர் அனுப்பும் பரிந்துரை, மாநில அரசுக்கும் மத்திய சட்ட அமைச்சகத்துக்கும் இந்தியத் தலைமை நீதிபதிக்கும் போகிறது. மாநில அரசுக்கு 6 வாரம்; பதில் வராவிட்டால் சொல்ல ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். ஐ.பி. எனப்படும் மத்திய உளவுத்துறை விசாரித்து அறிக்கை தருகிறது. இதற்கு 4 முதல் 6 வாரம் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் வரையறுத்தது. பிறகு இந்தியத் தலைமை நீதிபதியும் இரு மூத்த நீதிபதிகளும், அந்த உயர் நீதிமன்றத்தை நன்கறிந்த உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் கருத்தையும் கேட்டு முடிவு செய்கிறார்கள். நடைமுறையில் இந்தக் கெடுக்கள் நீண்டுபோவதுண்டு. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

உங்கள் கடிதம் சேர வேண்டிய முதல் இடம் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி, சென்னை 600104. நகல் ஒன்று இந்தியத் தலைமை நீதிபதிக்கு, மற்றொன்று மத்திய சட்ட அமைச்சகத்தின் நீதித்துறைப் பிரிவுக்கு. இவ்வளவு போதும். நாற்பது பேருக்கு நகல் போட்ட கடிதத்தைப் பார்த்தவுடனே பகையில் எழுதியது என்று ஒதுக்கத் தோன்றும். கொடைக்கானல், பழனிக்காரர்களுக்கும் இதே முகவரிதான்: திண்டுக்கல் மாவட்ட வழக்குகள் மதுரைக் கிளைக்குப் போனாலும் பரிந்துரைப்பவர் ஒரே தலைமை நீதிபதி.

இனி, உங்கள் புகாரின் உயிர். உங்கள் மனக்குறை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், படிப்பவர் ஒரு மணி நேரத்தில் சரிபார்க்கக் கூடியதாக இல்லாவிட்டால் அது நகராது. உங்களுக்கு நல்ல வேளை, இது காகிதத்தில் நிற்கும் விஷயம். இரண்டு வக்காலத்துகளுக்கும் நகல் மனு போட்டு, சான்றிட்ட நகல் வாங்குங்கள். அப்பீலுக்காகக் கீழ்க்கோர்ட் வழக்குக் கட்டு ஊட்டிக்கு வரவழைக்கப்பட்டிருக்கலாம்; கோத்தகிரியில் "கட்டு இல்லை" என்றால் ஊட்டியில் கேளுங்கள். பழைய கட்டுகளில் சில தாள்களைக் காலக்கெடு முடிந்ததும் அழித்துவிடுவார்கள், அதனால் தள்ளிப்போட வேண்டாம். வக்காலத்தே அழிந்திருந்தாலும் இரு தீர்ப்புகளின் முதல் பக்கத்தில் எந்தத் தரப்புக்கு யார் ஆஜரானார் என்று இருக்கும். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண் இருந்தால் நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்திலும் வழக்கறிஞர் பெயரைப் பார்க்கலாம்.

நகல் கைக்கு வந்ததும் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே வக்காலத்தில் சீனியர், ஜூனியர் என நாலைந்து பெயர் அச்சிட்டிருக்கும். பெயர் இருப்பது வேறு, ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டது வேறு. கீழே ஏற்பு இடத்தில் இருப்பது அவர் கையெழுத்துதானா, பக்கத்தில் உள்ள வழக்கறிஞர் பதிவு எண் அவருடையதா என்று இரண்டு வக்காலத்திலும் ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் இருவர் தொழில் செய்வது சாதாரணம். ஆள் மாறிப்போனால் ஒரு நல்லவர் மேல் பழி விழும். எதிருரையின் கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்து இருந்தால் அதையும் சேருங்கள். அதுவே மிக வலுவானது.

வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 33-ஆவது நடத்தை விதி தெளிவாகவே இருக்கிறது: ஒரு தரப்புக்கு எப்போதாவது ஆலோசனை சொன்னவரோ, மனு வரைந்தவரோ, ஆஜரானவரோ எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது. வழக்குக் கட்டைத் திருப்பித் தந்து 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார் என்பதால் இது தளராது. ஒரு கட்சிக்காரரின் ரகசியத்தை எதிரியிடம் கொண்டுபோகாதவர் என்ற நம்பிக்கை இல்லாமல் வழக்கறிஞர் தொழிலே கிடையாது. நீதிபதிக்கு அது அதைவிடப் பெரிது.

கடிதம் இரண்டு பக்கம் தாண்ட வேண்டாம். வழக்கு எண், ஆண்டு, கோர்ட், இரண்டு வக்காலத்தின் தேதி, விதி எண், இணைப்புகள். சாதி, குடும்பம், "ஊரே சொல்கிறது" எதுவும் வேண்டாம். தீர்ப்பு தப்பு என்றும் வாதாடாதீர்கள். அதற்கு மேல்முறையீடு இருக்கிறது. கீழ்நீதிமன்ற நீதிபதிகள் மீதான புகாருக்கே பிரமாணப் பத்திரமும் (அபிடவிட்) சரிபார்க்கத்தக்க ஆவணமும் கேட்கிறார்கள். நீங்களாகவே அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நோட்டரி முன் கையெழுத்திட்ட அபிடவிட்டோடு அனுப்புங்கள். பெயரில்லாக் கடிதம் குப்பைக்குத்தான்.

பார் கவுன்சிலுக்கும் எழுதலாம். வழக்கறிஞர்கள் சட்டம் 1961, 35-ஆவது பிரிவின்படி தமிழ்நாடு-புதுச்சேரி பார் கவுன்சில் விசாரிக்கும். ஓராண்டில் முடிக்காவிட்டால் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். புகார் நிலுவையில் இருப்பது மட்டுமே அவர் நியமனத்தைத் தடுத்துவிடாது.

வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு சொல்லும் குற்றச்சாட்டுக்கு அவதூறுச் சட்டத்தில் விலக்கு உண்டு, ஊர் முழுக்கப் பரப்பியதற்குக் கிடையாது. அவர் பதவியேற்றபின் நீதிமன்ற அவமதிப்பும் சேர்ந்துகொள்ளலாம்.

பதில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கொலீஜியத்தின் இறுதித் தீர்மானம் மட்டுமே வெளியிடத்தக்கது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், உள்ளே என்ன பேசினார்கள் என்பது தகவல் உரிமை மனுவிலும் கிடைக்காது. இறுதித் தீர்மானத்தை உச்ச நீதிமன்ற இணையதளத்தில் பார்க்கலாம். அதில் அவர் பெயர் வந்துவிட்டாலும் அனுப்பிய கடிதத்தின் நகலையும் ஸ்பீடு போஸ்ட் ரசீதையும் வைத்திருங்கள். முதலில் பெரும்பாலும் 2 ஆண்டுக்குக் கூடுதல் நீதிபதியாகத்தான் போடுவார்கள். நிரந்தரமாக்கும்போது அவர் பெயர் மறுபடி கொலீஜியத்தின் முன் வரும்.