பூந்தொட்டிக் கலவையில் சமையல் கழிவு

கேள்வி: எங்கள் வீட்டில் முட்டை ஓடு, காபி சக்கை, பழத்தோல் என்று தினமும் ஒரு டப்பா நிறைகிறது. உணவுக் கழிவைச் சேர்த்தால் கான்கிரீட்டில் சிமென்டைக் குறைக்கலாம் என்று படித்தேன். நானே நாலு பூந்தொட்டி வார்க்கப் போகிறேன். எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்துக் கலந்துவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அதிலும் பழத்தோலைக் கிட்டவே சேர்க்காதீர்கள்.

பரிசோதனைக் கூடத்தில் நான் சேர்ந்த புதிதில், மாலையில் வார்த்த கியூப்கள் (வலுவைச் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டிகள்) மறுநாள் காலையிலும் விரல் வைத்தால் அமுங்கின. சிமென்ட் சரியில்லை என்று ஒரு மணி நேரம் கத்தினேன். கடைசியில் பார்த்தால், கலவைக்குத் தண்ணீர் பிடித்தது பழச்சாறு கலக்கிய வாளி. கழுவாமல் எடுத்து வந்ததும் நான்தான்.

சர்க்கரை சிமென்ட் துகள்களில் ஒட்டிக்கொண்டு, அவை தண்ணீரோடு வினைபுரிவதைத் தள்ளிப்போடும். 50 கிலோ சிமென்டில் 50 கிராம் சேர்ந்தாலே இறுகுவதற்கு மணிக்கணக்கில் தாமதமாகும். அரை கிலோ சேர்ந்தால் அது இறுகும் என்று காத்திருக்கவே வேண்டாம்.

எரித்தால் சர்க்கரை போய்விடும். அப்புறம் மிஞ்சும் சாம்பலில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. இதில் கெட்டிக்காரப் பொருள் நெல் உமி. சிமென்டும் தண்ணீரும் சேரும்போது, பிடிப்பு தரும் பசையோடு கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகிறது. இறுகிய சிமென்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதுதான். வலுவுக்கு இதனால் பெரிய லாபம் கிடையாது. உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிகா, மணலில் இருக்கும் அதே பொருள். அது இந்தச் சும்மா கிடக்கும் ஹைட்ராக்சைடைப் பிடித்து இன்னும் கொஞ்சம் பசையாக்கிவிடும். ஆனால் எரிக்கும்போது சூடு 700 டிகிரியைத் தாண்டிப் போனால் சிலிகா படிகமாகி மந்தமாகிவிடும். அரைகுறையாக எரித்தால் கரி தங்கி, கலவைத் தண்ணீரைக் குடித்துவிடும். கொல்லையில் தீ மூட்டிச் செய்கிற வேலை இல்லை இது.

சரி, உங்கள் டப்பாவுக்கு வருவோம். முட்டை ஓடு ஏறத்தாழ முழுக்கக் கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லும் அதேதான். பொடியாக அது பசையாகாது, சிமென்ட் துகள்களுக்கு நடுவே இடத்தை நிரப்பும். சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கலாமே என்பார்கள். 100 கிராம் கார்பனேட்டைச் சுட்டால் 44 கிராம் கரியமில வாயு வெளியேறும். சிமென்ட் ஆலையில் எதைக் குறைக்க நினைக்கிறோமோ, அதையே வீட்டில் செய்வதாகிவிடும். ஓட்டின் உள்சவ்வை உரித்து, கழுவி, நன்றாகக் காயவைத்து, மாவாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ சிமென்டில் 50 கிராமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடுங்கள். முதலில் ஒரு தொட்டி மட்டும் அப்படி வார்த்து, மற்றதைச் சாதாரணமாக வார்த்து, இரண்டையும் ஏழு நாள் ஈரமாகவே வைத்திருங்கள். 28 நாள் கழித்து விளிம்பை ஆணியால் கீறிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

காபி சக்கை சிமென்டுக்கு மாற்று இல்லை, மணலுக்கு. மெல்பர்னில் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தினர் 2023இல் அதைக் காற்றில்லாமல் 350 டிகிரியில் கரியாக்கி, மணலில் 15 சதவீதத்துக்குப் பதிலாகப் போட்டார்கள். வலு சுமார் 30 சதவீதம் கூடியது. பச்சைச் சக்கையோ வலுவைக் குறைத்துவிடும். உங்கள் சக்கையைத் தொட்டிக்குள் இருக்கும் மண்ணுக்குக் கொடுங்கள்.

கேள்வி: வாழைப்பழத் தோலையும் சாப்பாட்டு மிச்சத்தையும் எரித்த சாம்பல் என்றால்?

பதில்: தோலில் பொட்டாசியம் அதிகம். சில வகை ஜல்லியில் உள்ள சிலிகாவோடு அந்தப் பொட்டாசியக் காரம் (அல்கலி) சேர்ந்து ஜெல் ஆகும். அது ஈரத்தை இழுத்து உப்பி, சில வருஷங்களில் கான்கிரீட்டை உள்ளிருந்தே விரிசல் விட வைக்கும். சாப்பாட்டு மிச்சத்தில் உப்பு உண்டு, எரித்தாலும் அது சாம்பலில் தங்கும். உள்ளே கம்பி வைத்தால் துருப்பிடிக்கும்.

கேள்வி: சிமென்டே இல்லாமல் உணவுக் கழிவை வைத்துக் கட்டலாம் என்கிறார்களே?

பதில்: டோக்கியோ பல்கலைக்கழகத்தினர் 2021இல் காய்கறி, பழத்தோல்களை உலர்த்திப் பொடியாக்கி, தண்ணீர் கலந்து, அச்சில் சூட்டோடு அழுத்திப் பலகையாக்கினார்கள். சீன முட்டைக்கோஸில் செய்தது வளைவைத் தாங்குவதில் கான்கிரீட்டை மூன்று மடங்குக்கு மேல் மிஞ்சியது. பூசணி தனியாக அவ்வளவு தேறவில்லை. ஆனால் தினமும் தண்ணீர் ஊற்றுகிற தொட்டியை நான் அதில் செய்ய மாட்டேன்.