வெள்ளகோவில் தம்பிக்கு, டோர்ட்முண்டிலிருந்து

தம்பி, உங்கள் கடிதம் கிடைத்தது. "ஜெர்மனிக்கு வந்து நாலு மாசம் ஆகிறது, பார்ட் டைம் வேலை போய்விட்டது, விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைத்த பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதாமாதம் வரும் பணத்தில் பாதி அப்பா வாங்கிய கடனுக்கே திரும்பப் போகிறது, அறையில் நாலைந்து நாள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் கிடக்கிறேன், வீட்டில் கேட்டால் நல்லா இருக்கிறேன் என்றே சொல்கிறேன், நீங்கள் எப்படித் தாண்டினீர்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். நான் கவுந்தப்பாடிக்காரன். 2017 அக்டோபரில் இங்கே படிக்க வந்தேன். நீங்கள் எழுதியதில் முக்கால்வாசி என் கதைதான்.

முதலில் பணம். இப்போது பிளாக்டு அக்கவுண்டுக்கு வருஷத்துக்கு 11,904 யூரோ, அதாவது மாசம் 992. என் காலத்தில் 720. வாடகை, இன்சூரன்ஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு மாணவனுக்கு இவ்வளவாவது வேண்டும் என்று அரசாங்கம் போட்ட கணக்கு அது. அந்தத் தொகையையே வட்டிக்கு வாங்கிப் போட்டுவிட்டு, வர வர ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தால் மிச்சத்தில் யாராலும் பிழைக்க முடியாது. உங்களுக்குச் சிக்கனம் போதவில்லை என்று நினைக்காதீர்கள். கணக்கே தப்பு. இது எனக்குப் புரிய ஒரு குளிர்காலம் முழுக்கப் போனது.

தனிமையும் அங்கிருந்துதான் வந்தது. கையில் காசில்லை என்று தெரிந்துவிடக் கூடாதே என்று, காபி குடிக்கக் கூப்பிட்டால் படிக்க வேண்டும் என்பேன். மூணு தடவை அப்படிச் சொன்னால் நாலாம் தடவை யார் கூப்பிடுவார்கள்? டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும், வேலை முடிந்து ஏழு மணிக்கு அறைக்கு வந்தால் ஊரில் பதினொன்றரை, எல்லாரும் தூங்கியிருப்பார்கள். அப்புறம் கடிதங்கள். மேஜையில் பிரிக்காத கவர்கள் ஒரு கட்டு சேர்ந்திருந்தது. ஜெர்மன் புரியாது என்பது எனக்கு நானே சொன்ன சாக்கு, காசு கேட்டிருப்பார்கள் என்ற பயம்தான் உண்மை. பிப்ரவரியில் ஒரு நாள் பக்கத்து அறைப் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பிரித்தேன். ஒன்பது கவர். அதில் நாலு ஒரே விஷயம், டிவி ரேடியோ கட்டணம். அறையில் டிவியே இல்லை, ஆனாலும் கட்டணும், அப்போது மாசம் 17.50, கட்டாமல் விட்டதால் அபராதமும் ஏறியிருந்தது. எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டிப் பார்த்தபோது நான் பயந்ததில் பாதிகூட இல்லை. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். உங்கள் மேஜையிலும் அப்படி ஒரு கட்டு இருந்தால் இன்றைக்கே பிரித்துவிடுங்கள், தனியாகப் பிரிக்காதீர்கள்.

மறுநாள் வீட்டில் சொன்னேன். அம்மா அழுதது. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு, ஆறு மாசத்துக்கு நீ ஒண்ணும் அனுப்ப வேண்டாம் என்றார். நல்ல விலை வரட்டும் என்று ஈரோட்டில் குடோனில் போட்டிருந்த மஞ்சளில் பாதியை விற்று வட்டியை அடைத்தார். அந்த மஞ்சளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் நான் சொல்லாமலே இருந்திருந்தால் படிப்பை விட்டுவிட்டுத் திரும்பியிருப்பேன், கடன் அப்படியே நின்றிருக்கும்.

வேலை விஷயம்: இப்போது வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் செய்யலாம். யுனிவர்சிட்டிக்குள் பேராசிரியர்களுக்கு உதவியாளராக இருக்கும் ஹிவி வேலை அந்தக் கணக்கில் வராது, அதனால் உங்கள் துறைப் பேராசிரியர்களுக்கு நேரடியாக எழுதுங்கள். திடீரென்று வாடகைக்கே வழியில்லை என்றால், பல ஊர்களில் இஎஸ்ஜி என்ற கிறிஸ்தவ மாணவர் அமைப்பு நம்மைப் போல வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அவசர உதவி தருகிறது, மதம் பார்ப்பதில்லை. கேட்க வெட்கப்பட வேண்டாம்.

சாப்பிடப் பிடிக்கவில்லை, தூக்கம் வருவதில்லை என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பல ஊர்களில் ஸ்டுடீரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பில் மனநல ஆலோசனை இருக்கிறது, மாணவர்களுக்குக் காசு வாங்குவதில்லை. முதல் சந்திப்புக்கே காத்திருக்க நேரலாம், அதனால் இந்த வாரமே எழுதிக் கேளுங்கள்.

பேச மனுஷர்கள் கிடைக்க நான் கண்ட வழி அரிசிம்பருப்புதான். ஞாயிற்றுக்கிழமை இங்கே கடைகள் மூடியிருக்கும், எங்கேயும் போக முடியாது. சனிக்கிழமையே வாங்கிவைத்து, விடுதியின் பொதுச் சமையலறையில் பெரிய பாத்திரத்தில் அரிசியும் துவரம் பருப்பும் போட்டு, சின்ன வெங்காயம் கிடைக்காததால் பெரிய வெங்காயத்தையே வதக்கி, ஐந்து பேருக்கு ஆக்கினேன். தலைக்கு ஒரு யூரோகூட ஆகவில்லை. ஒரு கொலம்பியாக்காரன், இரண்டு துருக்கிப் பெண்கள், பக்கத்து அறைப் பையன். அடுத்த ஞாயிறு அந்தப் பெண்கள் சமைத்தார்கள். அப்புறம் ரயிலில் ஹம் ஊர்க் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போக ஆரம்பித்தேன், ஈழத்து மக்கள் கட்டி 2002-ல் குடமுழுக்கு நடந்த கோயில் அது. ஒரு அக்கா "தம்பி, சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றார். நம்ம 'ங்க' அவர்களிடம் 'ங்கோ' ஆகியிருந்தது, அதைக் கேட்டதுமே கண் கலங்கிவிட்டது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அப்பாவைக் கூப்பிடுங்கள். இந்தக் குளிர்காலத்தில் ஊரில் அப்போது பதினொன்றரை. தறி ஓடும் நேரம் என்றால் சத்தத்தில் பாதி காதில் விழாது, நிறுத்திவிட்டு வெளியே வந்து பேசச் சொல்லுங்கள்.