நெடுஞ்சாலையோர ஃபைபர் கேபிள் ஊருக்குள் வருமா?

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் நான்குவழிச் சாலை போகிறது. அதன் ஓரமாக ஃபைபர் கேபிள் புதைத்திருக்கிறார்கள். ஊருக்குள்ளோ பிள்ளைகள் கல்லூரி விண்ணப்பம் அனுப்பவே மொட்டைமாடிக்கு ஏற வேண்டியிருக்கிறது. அந்தக் கேபிளிலிருந்து எங்களுக்கு இணைப்பு எடுக்க முடியாதா?
- ஊராட்சி வார்டு உறுப்பினர் ஒருவர்

பதில்: எடுக்கலாம், ஆனால் நினைத்த இடத்தில் எடுக்க முடியாது. கால்வாய் வயலை ஒட்டியே ஓடினாலும், மதகு இல்லாத இடத்தில் நீர் பாயாது அல்லவா? நெடுஞ்சாலைக் கேபிள்கள் பெரும்பாலும் நகரத்தையும் நகரத்தையும் இணைக்கப் போடப்பட்டவை. சேம்பர் எனப்படும் இணைப்புக் குழி உள்ள இடங்களில் மட்டுமே அவற்றைத் திறந்து கிளை பிரிக்க இயலும்.

தூரம் உங்களுக்குத் தடையே அல்ல. வீடுகளுக்கு ஃபைபர் வழியே இணைப்பு தரும் ஜிபான் முறையில், கேபிளின் கண்ணாடி இழைக்குள் தகவலைச் சுமக்கும் ஒளி ஏறத்தாழ 20 கி.மீ. வரை செல்லும், ஒரே இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிரலாம். கேபிளின் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும், இணைப்பைப் பிரித்தனுப்பும் கருவிக்கு மின்சாரமும் பாதுகாப்பான அறையும் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும், தடைகள் இவைதாம்.

ஆகவே முதலில் சாலையோர அடையாளக் கற்களைப் பாருங்கள். கேபிள் யாருடையது என்பது பெரும்பாலும் அவற்றில் எழுதப்பட்டிருக்கும். தேசிய நெடுஞ்சாலை ஆணையமும் தன் துணை நிறுவனம் வழியாக இத்தகைய கட்டமைப்பை அமைக்கத் திட்டமிட்டு, 1,367 கி.மீ. நீள டெல்லி–மும்பை விரைவுச்சாலையையும் 512 கி.மீ. நீள ஹைதராபாத்–பெங்களூரு தடத்தையும் முன்னோடியாகத் தேர்ந்தெடுத்தது. அந்த இழைகளை எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனமும் குத்தகைக்கு எடுக்கலாம் என்பதே அத்திட்டம். எனினும் ஊராட்சி நேரடியாக இணையச் சேவை விற்க முடியாது. உரிமம் பெற்ற சேவை நிறுவனம் ஒன்று முன்வந்தாக வேண்டும்.

அதற்கு முன், உங்கள் ஊராட்சி அலுவலகத்திலேயே பாரத்நெட், அதாவது ஊராட்சிகளை ஃபைபரால் இணைக்கும் மத்திய அரசுத் திட்டத்தின், இணைப்புப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். 2011-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இத்திட்டத்தைத் தமிழ்நாட்டில் மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் 12,525 ஊராட்சிகளுக்கென மேற்கொண்டது. பெட்டி வந்தும் பேட்டரி செத்துக் கிடக்கும் ஊர்கள் உண்டு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் செய்தி. அங்கே புதிய கேபிளைவிடப் பழுதுநீக்கமே விரைவான வழி. பழைய அமைப்பில் கேபிள் ஒரே கோடாகச் சென்றதால், ஜேசிபி ஓரிடத்தில் அறுத்தால் அதற்கப்பால் உள்ள ஊர்களெல்லாம் துண்டிக்கப்பட்டன. 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்திய திட்டம் வளைய அமைப்பை வகுத்திருப்பது இதனால்தான். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழியே தொடர்பு நிலைக்கும்.

சேவை நிறுவனங்கள் கணக்குப் பார்த்துத்தான் வரும். எனவே இணைப்பு எடுக்க விரும்பும் வீடுகள், பள்ளி, துணை சுகாதார நிலையம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் எண்ணிக்கையைத் திரட்டி, கிராம சபைத் தீர்மானமாக நிறைவேற்றி, அதன் நகலோடு அவர்களை அணுகுங்கள். சாலைக்கு மறுபுறம் கேபிள் இருந்தால், சாலையை வெட்டாமல் அடியில் துளையிட்டுக் கொண்டுவர நெடுஞ்சாலை ஆணையத்தின் அனுமதியை அந்த நிறுவனமே பெற வேண்டும். இனி உங்கள் பகுதியில் சேவைச் சாலைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ பள்ளம் தோண்டும் நாள் வந்தால், மண் மூடுவதற்குள் பின்னாளில் கேபிள் நுழைக்க ஊர் வரை ஒரு வெற்றுக் குழாயையும் சேர்த்துப் புதைக்கும்படி எழுத்துமூலம் கேளுங்கள்.