அமைதியாகிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பயம்

கேள்வி: டொக்டர், என் கணவருக்கு 43 வயது. காலபோகம் வெள்ளத்தில் போனதிலிருந்து ஆள் மாறிவிட்டார். விடியப்புறம் மூன்று மணிக்கே முழித்துவிடுகிறார், சாப்பாடு இறங்குவதில்லை, உடம்பெல்லாம் நோ என்கிறார், “என்னால ஒருத்தருக்கும் பிரயோசனம் இல்லை” என்கிறார். 2018 வெள்ளத்திலும் எங்கள் வயல் அழிந்தது, ஆனால் அப்போது அடுத்த சிறுபோகமே அவர் விதைத்தார். இப்போது வரம்புப் பக்கமே போவதில்லை. கடனும் அப்படியே நிற்கிறது. பாமசியில் நித்திரைக் குளிசை வாங்கிப் போடுகிறார். மனச்சோர்வுக் குளிசை எடுத்தால் காலம் முழுக்க விடமுடியாது என்று கனடாவில் இருக்கும் என் அண்ணா வீடியோ அனுப்புகிறார். இது விற்றமின் டி குறைவா, மூளையில் கட்டியா? பிள்ளைகளுக்கும் வருமா? ஆஸ்பத்திரியில் வெறுமனே கதைத்தே சுகமாக்குவார்களாம், உண்மையா? இந்தக் கிழமை கொஞ்சம் பரவாயில்லை, அமைதியாக இருக்கிறார். காணி உறுதி, வங்கிப் புத்தகம் எல்லாம் எடுத்துத் தந்து எது எங்கே என்று எனக்குச் சொல்லித்தந்தார்.
– விசுவமடு வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கேள்விகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கடைசியில் சும்மா செய்தி போலச் சொன்ன இரண்டு வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். மாதக்கணக்காக நித்திரையும் சாப்பாடும் இல்லாமல், தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிசன், ஒழுங்கான வைத்தியம் எதுவும் எடுக்காமல், கடன் ஒரு சதமும் குறையாமல், திடீரென்று அமைதியாகிக் காணி உறுதியை எடுத்து மனைவியின் கையில் கொடுத்தால் அதைச் சுகம் வருகிறது என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். சிலருக்கு அந்த அமைதி, உள்ளுக்குள் ஒரு முடிவை எடுத்தபிறகு வருவது. எல்லாருக்கும் அப்படி இல்லை, உங்கள் கணவர் பத்திரங்களை ஒழுங்காக வைக்க மட்டும் நினைத்திருக்கலாம். ஆனால் எது என்று நீங்களும் நானும் ஊகித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. இன்றைக்கே கேட்கவேண்டும்.

எப்படிக் கேட்பது? பிள்ளைகள் இல்லாத நேரம் பக்கத்தில் இருந்து நேராகவே கேளுங்கள்: “செத்துப்போனால் நல்லம் எண்டு யோசனை வருதா? உயிரை விடுற எண்ணம் இருக்கா?” இப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிடுவோம் என்று படித்தவர்கள் கூடப் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை, அதை ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள். கேட்டதும் பாரம் இறங்கி அழுதவர்களைத்தான் நான் கிளினிக்கில் அதிகம் கண்டிருக்கிறேன். அவர் வாய் திறந்தால் குறுக்கே பேசாதீர்கள். முக்கியமாக, “பிள்ளையளை நினைச்சுப் பாத்தீங்களா?” என்று தொடங்கிவிடாதீர்கள். அவர் பிள்ளைகளை நினைத்துத்தான், தான் இல்லாவிட்டால் அதுகளுக்கு ஒரு சுமை குறையும் என்று பிழையான கணக்கொன்றைப் போட்டு வைத்திருக்கக்கூடும்.

ஓம் என்றாலும், ஒன்றும் சொல்லாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரி. கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் உடனே போக வழியில்லை என்றால் கிட்ட இருக்கிற எந்த அரச ஆஸ்பத்திரிக்கும் போங்கள், அவர்கள் அனுப்பிவைப்பார்கள். இரவென்றால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள், காசு கேட்கமாட்டார்கள். ஆரோடாவது கதைத்தால் போதும் என்ற நிலையில் நீங்கள் இருந்தால் 1926, அது தேசிய மனநல உதவி இலக்கம். ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அவரைத் தனியே விடவேண்டாம், தம்பியோ மச்சானோ ஒருவர் கூட இருக்கட்டும். “இல்லை” என்று சொன்னாலும் இந்தக் கிழமைக்குள் கூட்டிக்கொண்டு போகத்தான் வேண்டும், அவசரம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

இன்னொரு வேலை. வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல்கள் எங்கே இருக்கின்றன? நம் பக்கத்தில் அரைவாசி வீடுகளில் அது குசினிச் சுவரோடோ, கட்டிலுக்குக் கீழேயோ, உழவு மெசின் நிற்கிற கொட்டிலிலோ கிடக்கும். இன்றைக்கே அவருக்குத் தெரியாமல் ஓர் உறவினர் வீட்டுக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிடுங்கள். பூட்டி வைத்துத் திறப்பை முந்தானையில் முடிவது போதாது. இலங்கையில் 1990களின் நடுப்பகுதியில் தற்கொலை உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்றாக இருந்தது, நச்சுக் கூடிய பூச்சிகொல்லிகளைக் கட்டம் கட்டமாகத் தடைசெய்த பிறகு அது பாதிக்கும் கீழே வந்தது. அதற்குள் சனத்தின் கஷ்டம் பாதியாகக் குறைந்துவிட்டதா? 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய்வந்த நமக்கு அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. அந்த எண்ணம் உச்சத்தில் நிற்பது பல பேருக்குக் கொஞ்ச நேரம்தான், அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் சாமான் இல்லாவிட்டால் உயிர் தப்பும்.

சரி, இனி நோய்க்கு வருவோம். இது மனச்சோர்வு என்று கடிதத்தைப் பார்த்தே நான் நினைக்கிறேன், நேரில் பார்த்துத்தான் உறுதி சொல்லவேண்டும். விடியப்புறம் முழிப்பு, சாப்பாட்டில் மனமில்லை, எதிலும் நாட்டமில்லை, உடம்பு நோ. நம் ஆம்பிளைகள் “மனசு சரியில்லை டொக்டர்” என்று வந்து இருந்ததே குறைவு, முதுகு நோவு, நெஞ்சடைப்பு, நாரிப்பிடிப்பு என்றுதான் வருவார்கள், ஈசீஜீ எடுத்து ஒன்றுமில்லை என்றதும் எழும்பிப் போய்விடுவார்கள்.

“வெறுமனே கதைத்து” என்று நீங்கள் கேட்ட வைத்தியத்துக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. அமெரிக்காவில் பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்றொரு மனநல மருத்துவர். ஆழ்மனதில் கிடக்கும் கோபம் தன் மேலேயே திரும்புவதுதான் மனச்சோர்வு என்று படித்துவந்தவர், அதை நிரூபிக்கவே நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். கோபத்தைக் காணவில்லை. தோற்றுப்போனது, இழந்தது, கைவிடப்பட்டது, இதுவே திரும்பத் திரும்ப வந்தது. முழித்திருக்கும்போதும் அதே நினைப்புகள், கேட்காமலே, ஒரு நொடியில் வந்துபோவதைப் பார்த்தார். 1960களில் அதிலிருந்து அவர் கட்டியெழுப்பியதுதான் இந்தச் சிந்தனை வழி வைத்தியம். நான் உதவாதவன், உலகம் எனக்கு எதிர், இனி ஒன்றும் நடக்காது: தன்னைப் பற்றி, சுற்றியிருப்பதைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி என்று மூன்று பக்கமும் இருட்டு. இந்த மூன்றில் கடைசி ஒன்றுதான் ஆளைக் கொல்லும். நம்பிக்கை அற்றுப்போன நிலையை அளக்க ஓர் அளவுகோலே செய்து, நோயாளிகளைப் பத்து வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பின்னால் உயிரை மாய்த்துக்கொண்டவர்களை முன்கூட்டிக் காட்டியது சோர்வின் அளவு அல்ல, “இனி ஒன்றும் இல்லை” என்ற நினைப்பின் அளவு. நான் உங்கள் கேள்விகளைத் தாண்டி உறுதிப் பத்திரத்தில் போய் நின்றது அதனால்தான்.

உங்கள் கணவரையே எடுப்போம். வெள்ளம் வந்தது, வயல் போனது. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்தபோதும் போனது. அப்போது அவர், “வெள்ளம் அழிச்சுப்போட்டுது” என்று சொல்லியிருப்பார். இப்போது, “நான் உதவாதவன்” என்கிறார். குற்றம் வானத்திலிருந்து தன் மேல் மாறிவிட்டது, ஒரு போகத்தில் நின்றது காலம் முழுக்க ஆகிவிட்டது, வயலோடு முடிந்தது தகப்பனாகவும் புருசனாகவும் தான் தோற்றதாகப் பரவிவிட்டது. காரணத்தை இப்படித் தன்மேல், என்றைக்கும், எல்லாவற்றிலும் என்று போட்டுக்கொள்பவர்கள் சோர்வில் எளிதாக விழுவார்கள் என்று ஏப்ராம்சன், செலிக்மன், டீஸ்டேல் என்ற உளவியலாளர் மூவரும் 1978இல் எழுதினார்கள். மற்றப் பக்கமும் உண்மை: சோர்வு வந்தபிறகு யாருக்கும் யோசனை இப்படித்தான் ஓடும். எது முந்தி என்று ஆராய்ச்சிக்காரர் அடிபடட்டும், எனக்கு வைத்தியம் நடந்தால் சரி.

வைத்தியத்தில், “நல்லதையே நினையுங்கோ அண்ணை” என்று முதுகில் தட்டி அனுப்பமாட்டார்கள். அதைத்தான் ஊரே சொல்லிவிட்டதே. கிழமைக்கு ஒருக்கால், பெரும்பாலும் 12 முதல் 20 தடவை வரை இருந்து கதைப்பார்கள், ஒரு கொப்பி கொடுத்து வீட்டு வேலையும் தருவார்கள். ஒரு கோட்டில் என்ன நடந்தது, அடுத்ததில் அந்த நேரம் மனதில் என்ன ஓடியது, அதை எவ்வளவு நம்புகிறார், அதற்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன. மூத்தவள் பள்ளிக்கூடக் காசு கேட்டாள், “நான் உதவாத தகப்பன்” என்று ஓடியது, நூற்றுக்குத் தொண்ணூறு நம்பினார் என்று எழுதுவார். எதிர் ஆதாரம் என்ற இடத்தில் பேனா நிற்கும். ஒரு வெள்ளத்துக்குப் பிறகு அடுத்த சிறுபோகமே விதைத்த ஆள் யார் என்று அங்கே கேட்பார்கள். அதை நீங்கள் சொன்னால் ஆறுதல் சொல்கிறீர்கள் என்று தள்ளிவிடுவார், தன் கையால் எழுதினால் தள்ளுவது கஷ்டம். தொண்ணூறு அன்றைக்கே பூச்சியமாகாது. அறுபதுக்கு வந்தால் நித்திரை கொஞ்சம் வரும்.

கடனை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயம். கிழமைக் கிழமை வாசலில் வந்து நிற்கிற லோன்காரரை எந்தச் சிந்தனை வைத்தியமும் கலைக்காது. கடன் உண்மை, “அதனால் நான் சாகவேண்டியவன்” என்பது நோய் போட்ட முடிவு, இரண்டையும் பிரித்து, முதலாவதுக்கு யாரிடம் போவது, எதை முதலில் கட்டுவது, நட்டஈட்டுக்குப் பதிந்ததா என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்ப்பதும் இந்த வைத்தியத்தின் ஒரு பகுதிதான். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், அவரையும் தேடிப் போகலாம்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மனம் வந்தால் வேலை செய்வேன் என்று அவர் இருப்பார், சோர்வில் மனம் முதலில் வராது, கையும் காலும் அசைந்த பிறகு பின்னால்தான் வரும். 1996இல் அமெரிக்க உளவியலாளர் நீல் ஜேக்கப்சன் குழு, இந்த வைத்தியத்தில் செயலைத் தூண்டுகிற பகுதியை மட்டும் தனியே கொடுத்துப் பார்த்தது, முழு வைத்தியத்துக்கு அது குறையவில்லை. ஆகவே வயலுக்குப் போங்கோ என்று கத்தாதீர்கள், அது அவருக்கு இப்போது மலை. காலையில் உங்களோடு வரம்பு வரை நடந்து திரும்பட்டும், ஆடு மாடு இருந்தால் தண்ணீர் வைக்கட்டும், பின்னேரம் சின்னவனைச் சைக்கிளில் ரியூசனுக்கு ஏற்றி இறக்கட்டும். ஒரு நாளைக்கு ஒன்று போதும், செய்தபிறகு பாராட்டு விழாவும் வேண்டாம்.

இனி உங்கள் கனடா அண்ணா. மூளையில் செரட்டோனின் என்ற இரசாயனம் குறைவதால்தான் மனச்சோர்வு என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022இல் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது, அதைத் தூக்கிக்கொண்டு குளிசையே பொய் என்று வீடியோ போடுகிறார்கள். நோய் ஏன் வருகிறது என்பது ஒரு கேள்வி, குளிசை கேட்குமா என்பது வேறு கேள்வி. பனடோல் குறைந்ததால் யாருக்கும் தலையிடி வருவதில்லை. உங்கள் கணவர் அளவுக்குப் போனவருக்குக் குளிசையும் பேச்சு வைத்தியமும் சேர்த்துக் கொடுப்பதே வழக்கம், அந்த நினைப்புகளோடு மல்லுக்கட்டவும் கொஞ்சம் நித்திரையும் தெம்பும் வேண்டுமே. புளுஒக்செற்றீன், சேர்ட்ரலீன் போன்ற மனச்சோர்வுக் குளிசைகள் வேலை செய்ய இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும், முதல் கிழமைகளில் வயிற்றுப் பிரட்டலும் ஒரு பரபரப்பும் வரலாம், பரபரப்புக் கூடினால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் உடனே போய்ச் சொல்லவேண்டும். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் எடுத்து, டொக்டர் சொல்லச் சொல்லக் குறைத்து நிறுத்தவேண்டும். வீடியோ பார்த்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் தலைச்சுற்றும் படபடப்பும் வரும், அதை வைத்து, “பார், அடிமையாகிட்டார்” என்று அண்ணா இன்னொரு வீடியோ அனுப்புவார்.

உண்மையில் விடமுடியாமல் பண்ணுவது எது தெரியுமா? டொக்டர் துண்டில்லாமல் பாமசியில் வாங்கிப் போடுகிறாரே, அந்த நித்திரைக் குளிசை. டயசிபாம் வகையாக இருந்தால் சில கிழமைகளிலேயே உடம்பு அதைக் கேட்கத் தொடங்கும், மனச்சோர்வை மாற்றவும் மாற்றாது, கள்ளோ சாராயமோ சேர்ந்தால் மூச்சுக்கே ஆபத்து. துண்டு கேட்காமல் அதை நீட்டுகிற கடைக்காரர் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். இன்றிலிருந்து எந்தக் குளிசையும் உங்கள் கையால் மட்டும் கொடுபடட்டும்.

மிச்சத்துக்குச் சுருக்கமாக. கட்டிக்கு உரிய அறிகுறி ஒன்றும் நீங்கள் எழுதவில்லை, ஸ்கான் எடுக்கக் கொழும்புக்கு ஓடவேண்டாம். விற்றமின் டி குறைவாக இருந்தாலும் இந்த நோயை அது விளக்காது. தைரொயிட், இரத்தச்சோகை, சீனி மூன்றையும் கிளினிக்கில் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கொஞ்சம் கூட, வரத்தான் வேண்டும் என்று விதி இல்லை. விசர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று சனம் கதைக்கும் என்றால் கதைக்கட்டும், மாவட்ட ஆஸ்பத்திரியில் பிரஷர் கிளினிக் நடக்கிற வளவுக்குள்தான் இதுவும் நடக்கிறது.

டொக்டரிடம் உடம்பு நோவிலிருந்து தொடங்கி நேரம் போக்காதீர்கள். காணி உறுதி தந்ததையும், திடீரென்று அமைதியானதையும் முதலில் சொல்லுங்கள். அவருக்கு முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டில் எழுதித் தாதியிடம் கொடுங்கள். பாமசிக் குளிசைகளையும் மட்டையோடு ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள், எது எவ்வளவு காலம் எடுத்தார் என்று தெரியாமல் அவர்கள் மருந்து தொடங்குவது கஷ்டம்.