22-லும் புழுங்கினால் 20-க்கு இறக்க வேண்டாம்

புது நாட்டுக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகிறது, ஏ.சி.யை 22-ல் வைத்தாலும் மாலையில் உடம்பு கசகசக்கிறது, விடியற்காலையில் குளிரில் விழிப்பு வந்துவிடுகிறது, துணி அலமாரியைத் திறந்தால் ஒரு வாடை அடிக்கிறது, 20-க்கு இறக்கிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஈரம் மிகுந்த கடலோர ஊரிலும், பிறகு பனி விழும் ஊரிலும் பல வருடங்கள் குடியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இறக்காதீர்கள். நீங்கள் சொன்ன மூன்றும் தனித்தனித் தொல்லைகள் இல்லை. வீட்டுக் காற்றில் ஈரம் கூடுதலாக இருக்கிறது. அதைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் குறைத்துக்கொண்டே போனால் மின்கட்டணம் ஏறும், வீடு சில்லென்று ஆகும், ஆனால் அந்தக் கசகசப்பு முழுதாகப் போகாது.

முதல் வேலையாக ஒரு ஹைக்ரோமீட்டர் வாங்குங்கள். ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் சேர்த்துக் காட்டும் சின்னக் கருவி அது, விலையும் அதிகமில்லை. ஏ.சி. காற்று நேராகப் படாத இடத்தில், படுக்கை உயரத்தில் வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். மலிவான கருவிகள் ஐந்து சதவீதம் கூட்டியோ குறைத்தோ காட்டுவது சகஜம். அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு மூடியில் சாதாரண உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் நனையும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் கருவியையும் காற்றுப் புகாத பையில் வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். அறை வெப்பநிலையில் பைக்குள் இருக்கும் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். கருவி 79 காட்டினால், இனி அது காட்டும் எண்ணில் நான்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் 40 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் நல்லது. 60-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணத்துக்கு வழி பிறக்கும். மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப் பூச்சிகளுக்கு 50-க்கு மேல் போனாலே கொண்டாட்டம். 30-க்குக் கீழே இறங்கினால் தொண்டையும் தோலும் வறண்டுபோகும்.

24 டிகிரியில் 50 சதவீதம் இருக்கும் அறைக்கும், அதே 24 டிகிரியில் 70 சதவீதம் இருக்கும் அறைக்கும், வெப்பநிலையை மட்டும் பார்த்து ஏ.சி.யை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட்டில் வித்தியாசம் தெரியாது. உடம்புக்குத் தெரியும். நம் உடம்பு சூட்டை வெளியேற்றும் வழிகளில் முக்கியமானது வியர்வை ஆவியாவது. சுற்றியுள்ள காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை மெதுவாகத்தான் ஆவியாகும், தோலிலேயே தங்கும். அதைத்தான் கசகசப்பு என்கிறோம். அலமாரி வாடைக்கும் இதே கணக்குதான். 24 டிகிரி, 50 சதவீதக் காற்றில் பனி படியத் தொடங்கும் வெப்பநிலை, அதாவது பனிநிலை (Dew Point), ஏறக்குறைய 13 டிகிரி. 70 சதவீதம் என்றால் அது 18-க்கு ஏறிவிடும். வீட்டை 20-க்குக் குளிர்விக்கும்போது ஏ.சி. காற்று நேராக அடிக்கும் சுவரும், காற்றோட்டமே இல்லாத அலமாரி மூலையும் அந்த 18-ஐ நெருங்கிவிடும். அங்கே தண்ணீர் சொட்டாது, ஆனால் ஓதம் ஏறும், பிறகு வாடை வரும்.

சரி, ஏ.சி. ஓடும்போது ஈரம் ஏன் போகவில்லை? ஏ.சி.யின் வேலை குளிர்விப்பது மட்டும் இல்லை. வில்லிஸ் கேரியர் 1902-ல் அதன் முதல் வடிவத்தைத் திட்டமிட்டதே நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தின் ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான். கோடை ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கி, ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக விழாமல் போனது. அதற்காகப் பிறந்த இயந்திரம் இது. உள்ளே இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளில், அதாவது காயிலில், காற்று படும்போது அதிலுள்ள நீர் காயிலில் படிந்து, தட்டில் வடிந்து, குழாய் வழியாக வெளியே போகிறது. இது நடக்க காயில் நன்றாகக் குளிர வேண்டும், இயந்திரம் தொடர்ந்து கொஞ்ச நேரம் ஓட வேண்டும். குளிர்ச்சியை உண்டாக்கும் கம்ப்ரஸர் ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிட்டால் காயில் நனைவதோடு சரி, வடியும் அளவுக்குத் தண்ணீர் சேராது.

அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய ஏ.சி. மாட்டியிருந்தால் இந்தத் தொல்லை எப்போதும் இருக்கும். சீக்கிரமே எண்ணைத் தொட்டு நின்றுவிடும், ஈரம் அப்படியே இருக்கும். ராத்திரியில் சரியான அளவு ஏ.சி.யும் இப்படித்தான் நடந்துகொள்ளும். வெளியே வெயில் இல்லை, எடுக்க வேண்டிய சூடு குறைவு, அதனால் கம்ப்ரஸர் அடிக்கடி ஓய்கிறது. தூங்குகிறவர்களின் மூச்சிலும் தோலிலும் இருந்து வரும் ஈரமோ நிற்பதில்லை. இரண்டு பேர் படுத்திருக்கும் அறையில் ஓர் இரவுக்குள் அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் காற்றில் சேரும்.

இப்போது நீங்கள் போய்ப் பார்க்க வேண்டியது தெர்மோஸ்டாட்டில் இருக்கும் ஃபேன் பொத்தான். வீடு முழுவதற்கும் ஒரே ஏ.சி. என்றால் பெரும்பாலும் அதில் 'ஆன்', 'ஆட்டோ' என்று இரண்டு நிலை இருக்கும். 'ஆன்' நிலையில் கம்ப்ரஸர் நின்ற பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். காயிலில் இருந்து இன்னும் வடியாத தண்ணீரைக் காற்று மறுபடியும் உறிஞ்சி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும். அரும்பாடுபட்டு எடுத்த ஈரத்தைத் திரும்ப உள்ளே ஊதுகிற வேலை. ஈரம் அதிகமுள்ள பருவத்தில் இது 'ஆட்டோ'வில்தான் இருக்க வேண்டும். முன்பு குடியிருந்தவர் 'ஆன்' நிலையில் விட்டுப் போயிருப்பார், புதிதாக வருகிறவர் கவனிப்பதில்லை. எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இந்த ஒரு பொத்தானை மாற்றியதுமே கசகசப்பு குறைந்திருக்கிறது. காசு செலவில்லாத மருந்து என்பதால் இதைத்தான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன்.

சுவரில் மாட்டும் ஏ.சி. என்றால் ஃபேன் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். காற்று மெதுவாகப் போனால் காயில் இன்னும் குளிரும், ஈரமும் கூடுதலாக வடியும். 'ட்ரை' நிலையும் ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்கிறது. மழை நாளில், சூடு இல்லாமல் புழுக்கம் மட்டும் இருக்கும்போது அது நன்றாக உதவும். கொளுத்தும் வெயிலில் அதை நம்பியிருக்க வேண்டாம், அந்தச் சூட்டை அதனால் இழுக்க முடியாது.

எத்தனையில் வைப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். ஈரப்பதம் 50-ஐ ஒட்டி வந்துவிட்டால் பகலில் 25, இரவில் 25 அல்லது 26 பெரும்பாலானவர்களுக்குப் போதும். உங்கள் தெர்மோஸ்டாட் ஃபாரன்ஹீட்டில் காட்டினால் 77, 79 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே மின்விசிறியை மெதுவாகச் சுழல விடுங்கள். உடம்பில் காற்று தவழ்ந்தால் இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோலத் தோன்றும். அறையில் ஆள் இல்லாதபோது விசிறி வேண்டாம், அது அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளைத்தான் குளிர்விக்கிறது. விடியற்காலைக் குளிருக்குக் காரணம், நம் உடம்பின் வெப்பமே அந்த நேரத்தில்தான் மிகக் கீழே இருக்கும். ரிமோட்டில் 'ஸ்லீப்' இருந்தால் போட்டுவிடுங்கள். பல இயந்திரங்களில் அது சில மணி நேரத்தில் ஒன்றிரண்டு டிகிரியைத் தானாகவே ஏற்றிவிடும். சீக்கிரம் குளிரட்டும் என்று 18-ல் வைப்பதால் சாதாரண ஏ.சி. வேகமாகக் குளிர்விக்காது. அதே வேகத்தில்தான் ஓடும், நிற்காமல் நெடுநேரம் ஓடும், அவ்வளவுதான்.

அப்புறம், வீட்டுக்குள்ளேயே ஈரத்தை உண்டாக்கும் வேலைகளைப் பாருங்கள். துவைத்த துணியை அறைக்குள் காயவைத்தால் ஒரு தடவைக்கே லிட்டர் கணக்கில் தண்ணீர் காற்றில் சேரும். வேறு இடமே இல்லை என்றால் குளியலறையில் கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுக் காயவையுங்கள். குளித்து முடித்த பிறகும் இருபது நிமிடமாவது அந்த ஃபேன் ஓடட்டும். சமைக்கும்போது அடுப்புக்கு மேல் இருக்கும் ஃபேனும் ஓட வேண்டும், அது காற்றை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி மறுபடி உள்ளேயே விடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஜன்னலைத் திறப்பதில்தான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். காலையில் வெளியே குளுகுளுவென்று இருக்கிறதே என்று எல்லாவற்றையும் திறந்துவைப்பார்கள். ஈர ஊரில் அந்தக் குளிர்ந்த காற்றில்தான் ஈரம் நிறைந்திருக்கும். காற்று மட்டும் உள்ளே வந்தால் ஏ.சி. சீக்கிரமே சரிசெய்துவிடும். ஆனால் மெத்தை, சோபா, திரைச்சீலை, புத்தகம் எல்லாம் அந்த ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், பிறகு நாள் முழுக்க மெல்ல மெல்ல வெளியே விடும். காற்று மாற்ற வேண்டியது அவசியம்தான். வெளியே பனிநிலை 13-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும் நாளாகப் பார்த்துத் திறங்கள், பெரும்பாலான வானிலைச் செயலிகளில் அந்த எண் இருக்கும்.

ஃபில்டரை மாதம் ஒரு முறை கழுவுங்கள். வெளியே தண்ணீர் வடியும் குழாயையும் பாருங்கள். புழுக்கமான நாளில் ஏ.சி. ஒரு மணி நேரம் ஓடியும் அதில் சொட்டு வரவில்லை என்றால், குழாய் அடைத்திருக்கிறது அல்லது காயில் சரியாகக் குளிரவில்லை. இரண்டுக்குமே வீட்டு உரிமையாளர்தான் ஆள் அனுப்ப வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் 60-க்குக் கீழே இறங்காவிட்டால் காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் டீஹியூமிடிஃபையர் ஒன்றைத் தனியாக வாங்கலாம். அது ஓடும்போது அறையைக் கொஞ்சம் சூடாக்கும், தெரிந்தே வாங்குங்கள். அலமாரி இருக்கும் அறையில் பகலில் ஓடவிட்டுப் படுக்கப் போகும்போது நிறுத்திவிடலாம்.

உங்கள் ஊரில் கடுங்குளிர் உண்டென்றால் அப்போது எல்லாம் தலைகீழாகும். வெளியே 0 டிகிரியில் 80 சதவீதம் ஈரமுள்ள காற்று உள்ளே வந்து 21-க்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு விழுந்துவிடும். உதடு வெடிக்கும், மூக்கு எரியும். காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் வைத்தால் ஈரப்பதத்தை 40-க்கு மேல் ஏற்றாதீர்கள், ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்தால் இன்னும் குறைத்துவிடுங்கள். அதன் தொட்டியைத் தினமும் கழுவ வேண்டும்.

ஈரக் காலத்தில் ஊருக்குப் போவதாக இருந்தால் ஏ.சி.யை முழுவதும் அணைத்துவிட்டுப் போகாதீர்கள். 28-ல் விட்டு, ஃபேனை ஆட்டோவில் வைத்து, அலமாரிக் கதவுகளைத் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். இப்போதைக்கு ஃபேன் பொத்தானை மாற்றிவிட்டு, ஒரு வாரம் காலையிலும் படுக்கப் போகும்போதும் கருவி காட்டும் இரண்டு எண்களையும் குறித்துவையுங்கள். 60-க்கு மேலேயே நின்றால் கம்ப்ரஸர் ஒரு தடவைக்கு எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள், உரிமையாளரிடம் என்ன கேட்கலாம் என்று சொல்கிறேன்.